பாண் காசு: கூட்டு வழக்கில் உங்கள் பங்கைக் கேட்டு வாங்குவது எப்படி

“பாணுக்குக் குடுத்த காசைத் திருப்பிக் குடுக்கினமாம், உண்மையே பிள்ளை?”

2025 செப்டெம்பர் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் எட்டாம் மாடி மாமி கேட்டா. இது கள்ளர் வேலை என்று அவ ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது குரலிலேயே தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சம்பளக் கணக்குப் பார்ப்பது என் தொழில். சும்மா வருகிற காசு என்றால் முதலில் சந்தேகம்தான் வரும். அன்றிரவு இருந்து தேடிப் பார்த்தால் விஷயம் உண்மை. பாண் (பிரெட்) விலையைக் கூடிப் பேசி ஏற்றியதற்காகப் போட்ட வழக்கில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இணக்கத்தீர்வு, அதாவது வழக்கை இழுக்காமல் காசு கொடுத்து முடிக்க இரண்டு பகுதியும் இணங்கியது. செப்டெம்பர் 11 தொடங்கி டிசம்பர் 12 வரை விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை, கட்டடத்துப் பார்ட்டி றூமில் லாப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு, அம்மா பிளாஸ்கில் கொண்டுவந்த பிளேன்ரீயின் தயவில் 17 பேருக்குப் படிவம் நிரப்பினேன். அந்தக் கதவு மூடியாயிற்று. ஆனால் சாப்பாட்டுச் சாமானின் விலையைக் கூடிப் பேசி ஏற்றிய வழக்கு இது முதலாவதுமில்லை, கடைசியுமில்லை. அடுத்தது வரும்போது திரும்பவும் லிஃப்டுக்குள் நின்று முதலிலிருந்து சொல்ல எனக்கு ஏலாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது யாருடைய காசு

இதை விளங்காமல் படிவத்தில் கை வைத்தால் பிச்சை கேட்கிற மாதிரி ஒரு கூச்சம் வரும். மாமிக்கு இருந்தது அந்தக் கூச்சம்தான். “எங்களுக்கு உவங்கட காசு வேண்டாம்” என்றா. உவங்களுடைய காசு இல்லை மாமி, உங்களுடையது.

நிறுவனங்கள் விலையில் கூட்டுச் சேராமல் பார்க்கிற அரச அமைப்பான கனடாவின் போட்டிப் பணியகம் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணங்களில் ‘ஏழு/பத்து’ என்று ஒரு ஏற்பாடு வருகிறது. பாண் செய்யும் நிறுவனங்கள் கடைகளுக்குக் கொடுக்கும் விலையில் 7 சதம் ஏற்றும். கடைகள் எங்களுக்கு விற்கும் விலையில் 10 சதம் ஏற்றும். எல்லாரும் ஒன்றாக ஏற்றினால் மற்றக் கடைக்குப் போயும் பயனில்லை. இது 2001ஆம் ஆண்டளவில் தொடங்கியது என்பது குற்றச்சாட்டு. 2015இல், அப்போது பாண் செய்துகொண்டிருந்த ஜோர்ஜ் வெஸ்டன் நிறுவனமும் அதன் குடும்பத்துக் கடையான லொப்லோவும் தாங்களாகவே பணியகத்திடம் போய் உண்மையைச் சொல்லி, அதற்குப் பதிலாகக் குற்ற வழக்கிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டன. எங்களுக்கு அது தெரியவந்தது 2017 டிசம்பரில்தான். சோபீஸ், மெட்ரோ போன்ற மற்றக் கடைகள் தாங்கள் பிழை செய்யவில்லை என்றே சொல்லிவந்தன.

10 சதம்தானே என்று அம்மா கேட்டா. ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கிழமைக்கு இரண்டு பாண், 20 வருடம், மொத்தம் 2080 பாண். ஒரேயொரு 10 சதம் மட்டும் ஏறியிருந்தாலே 208 டொலர். ஏறியது ஒரு தடவை இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக. அம்மா கடுதாசியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் பார்த்தா.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2023 ஜூனில் கனடா பிரெட் நிறுவனம், 2007இலும் 2011இலும் நடந்த விலையேற்றங்கள் தொடர்பாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 மில்லியன் டொலர் தண்டப்பணம் கட்டியது. விலைக் கூட்டுக்காகக் கனடாவில் விதிக்கப்பட்ட ஆகப் பெரிய தண்டம் அது. அதில் ஒரு சதமும் மாமிக்கு வராது. அது அரசாங்கத்தின் பெட்டிக்குள் போகிற காசு. வாங்கியவர்களுக்குக் காசு வருவது வேறு பாதையில். ஒரு சிலர் எல்லாருக்காகவும் சேர்த்துப் போடுகிற கூட்டு வழக்கு, கிளாஸ் அக்‌ஷன் என்று இங்கே சொல்வது. அந்தப் பாதையில்தான் 2024 ஜூலையில் வெஸ்டனும் லொப்லோவும் 500 மில்லியனுக்கு இணங்கின. அதில் 96 மில்லியன், லொப்லோ 2018இல் ஏற்கெனவே ஆட்களுக்குக் கொடுத்த 25 டொலர் கடை அட்டைகளுக்காகக் கழிக்கப்பட்டது. மிச்சம் 404 மில்லியன் காசாக. கியூபெக்குக்கு 22 வீதம், மற்ற எல்லா மாகாணங்களுக்கும் சேர்த்து 78 வீதம்.

நீங்கள் பாணை வெஸ்டனிடம் நேரே வாங்கவில்லை, கடையில்தான் வாங்கினீர்கள். அப்படி இருந்தும் வழக்கில் உங்களுக்கு இடம் இருப்பது 2013இல் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பினால். கூட்டிய விலை கைமாறிக் கைமாறி கடைசியில் யாருடைய பையிலிருந்து போனதோ, அவரும் கேட்கலாம் என்றது அது. அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் 1977இலிருந்து நேரே வாங்கியவர்தான் நட்டஈடு கேட்கலாம். அங்கே கடையில் வாங்கியவர்கள் மாநிலச் சட்டத்தைப் பிடித்துத்தான் வருகிறார்கள். அதனால் அமெரிக்க அறிவித்தல்களில் மாநிலங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். நியூ ஜெர்சியில், டெக்சாசில் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்: தொகையைப் பார்க்க முதல் அந்தப் பட்டியலில் தங்கள் மாநிலம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

நான் அதில் சேர்த்தியா

எல்லா அறிவித்தல்களிலும் மூன்று விஷயம் இருக்கும்: என்ன பொருள், எந்தக் காலம், எங்கே இருந்தவர். மற்றதெல்லாம் வழக்கறிஞர் மொழி, பிறகு வாசிக்கலாம். பாண் வழக்கில் பொருள் என்பது பையில் அடைத்து விற்ற பாண். காலம் 2001 ஜனவரி 1 தொடக்கம் 2021 டிசம்பர் 31 வரை. ஆள் என்றால் சொந்தப் பாவனைக்கு வாங்கிய, கனடாவில் வாழ்ந்த ஒருவர். கியூபெக்கில் இருப்பவர்களுக்குத் தனிப் படிவம்.

சொல்லக் கேட்டால் சுகம். மேசைக்கு ஆட்கள் வந்து இருந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அம்மா முதலே மறுத்தா. “நான் எங்கையடி பைப் பாண் வாங்கினனான்? தமிழ்க் கடையில போறணைப் பாணெல்லோ வாங்கிறது.” உண்மைதான், சம்பலோடு சாப்பிட அம்மாவுக்கு அந்த அச்சுப்பாண்தான் வேணும். ஆனால் எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டித் தந்தனீங்கள் என்று கேட்டேன். அம்மா யோசித்தா. வெள்ளை சான்ட்விச் பாண், பக்கத்து சுப்பர்மார்க்கெட்டில் வாங்கியது, பத்து வருடத்துக்கு மேல். எங்கள் ஆட்களுக்குப் பாண் என்றால் போறணைப் பாண். பையில் வருவது ‘பிரெட்’. ஆனால் வழக்கு அகராதியில் பாணுக்குள் பன், பேகல், றப், நான் ரொட்டிகூட வந்தன. ஆகவே நீங்கள் வீட்டில் சொல்லும் பெயரை வைத்துத் தீர்மானிக்காமல், அறிவித்தலில் அந்தப் பொருளுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை ஒருதரம் முழுக்க வாசியுங்கள். இரண்டு வரிதான்.

ஐந்தாம் மாடித் தம்பி 2023இல்தான் கனடாவுக்கு வந்தவர். கூட வந்தவர்கள் எல்லாரும் போடுகிறார்கள், தானும் போடட்டோ என்று கேட்டார். இல்லை. 2021க்குப் பிறகு சாப்பிட்ட பாண் இந்தக் கணக்கில் இல்லை. அவருக்கு அது நியாயமில்லாமல்தான் பட்டது, ஆனால் லாப்டொப்புக்கு முன்னால் இருந்த கதிரையை விட்டு எழும்பினார். தேக்அவுட் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு வேறு பிரச்சினை. கடைக்கு வாங்கிய பன்னை எல்லாம் சேர்த்துக் கேட்கலாமா என்றார். படிவம் கேட்பது வீட்டுப் பாவனைக்கு வாங்கியதை. வீட்டுக்கு வாங்கிய பாணுக்காக ஒரு படிவம், அவ்வளவுதான்.

இறந்துபோனவருடைய பெயரில் நீங்களாக ஒரு படிவம் நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். மேசைக்கு வந்த இரண்டு பேர் புருஷன்மாரின் பெயரையும் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு வழக்குக்கும், படிவங்களை வாங்கிச் சரிபார்க்கக் கோரிக்கை நிர்வாகி என்று ஒரு நிறுவனம் இருக்கும். அதற்கு எழுதிக் கேட்டு, சொத்துக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் செய்ய வழி இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ரசீது இல்லாமல் சத்தியம் செய்வது

2004இல் பாண் வாங்கிய ரசீதை வைத்திருக்கிற மனிதர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். பாண் வழக்கில் ரசீது கேட்கவில்லை. பெயர், விலாசம், ஈமெயில், முன்பு லொப்லோ அட்டை வாங்கினீர்களா என்ற கேள்வி, கடைசியில் நான் சொல்வது உண்மை என்ற உறுதிமொழி. பத்து நிமிட வேலை. ஆளுக்குக் கொஞ்சக் காசு போகிற இடத்தில் ரசீதுகளைச் சரிபார்க்கப் போனால் சரிபார்க்கிற செலவே காசைத் தின்றுவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

எல்லா வழக்கும் இப்படி இல்லை. சிலவற்றில் ரசீது இல்லாதவருக்கு ஒரு சின்ன உச்சவரம்பு, ரசீது இருப்பவருக்கு அதற்கு மேல். இப்போது கடைகளின் பொயின்ற் அட்டைக் கணக்கில் பழைய கொள்முதல் விவரம் கிடக்கிறது. பெரிய தொகை கேட்க நினைப்பவர்கள் அதை இறக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அந்தக் கரைச்சல் வேண்டாம்.

ஆனால் ரசீது கேட்கவில்லை என்பதற்காக உறுதிமொழியைச் சும்மா பெட்டிக்குள் ஒரு சரி அடையாளம் என்று நினைக்கக் கூடாது. இரண்டாம் சனிக்கிழமை ஒருவர் வந்தார், வீட்டில் ஆறு பேர் என்றார். சரி. அதில் ஒன்று இரண்டாம் வகுப்புப் படிக்கிற பேரன். இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிற தம்பி, 2019இல் ஆறு கிழமை வந்து நின்றவராம்.

“அவனும் பாண் சாப்பிட்டவன்தானே தங்கச்சி.”

சாப்பிட்டது கேள்வி இல்லை அண்ணை, வாங்கியது யார், எங்கே இருக்கிறவர் என்பதுதான் கேள்வி. ஒரே விலாசத்திலிருந்து, ஒரே ஈமெயிலில் ஒரு கட்டுப் படிவம் வந்தால் நிர்வாகி அதைத் தனியே எடுத்து வைப்பார். பொய்யோடு சேர்த்து உண்மையும் நிற்கும். அவருக்கும் மனைவிக்கும் மட்டும் நிரப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை கோயிலில் கண்டபோது கதைத்தார், கோபம் ஆறியிருந்தது.

அந்த 25 டொலர் அட்டைக் கேள்வியில் பலர் தடுமாறினார்கள். 2018இல் லொப்லோ ஒரு தளத்தில் பதிந்தவர்களுக்கு 25 டொலர் அட்டை அனுப்பியது. வாங்கியவர்களும் இந்த முறை விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த 25 கணக்கில் எடுக்கப்படும். “இல்லை” என்று போட்டால் கூடக் கிடைக்குமோ என்று ஒருவர் காதுக்குள் கேட்டார். பதிந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களிடம் இருக்காமலா போகும்? அம்மாவின் அட்டை தைக்கிற பெட்டிக்குள் பொத்தான்களோடு கிடந்தது. “ஓம்” என்று போட்டோம்.

கள்ள லிங்க்

நவம்பரில் பன்னிரண்டாம் மாடி ஐயாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் பாண் காசு தயார், இந்த இடத்தில் அமத்தி வங்கியைத் தெரிவுசெய்யவும். ஐயா அமத்துவதற்கு முதல் என்னைக் கூப்பிட்டார், நல்ல காலம்.

அது பொய் என்று கண்டுபிடிக்கக் கணினி அறிவே தேவையில்லை, நாட்காட்டி போதும். விண்ணப்பம் மூடுவது டிசம்பர் 12. எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணி முடியாமல் ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அப்படியிருக்க நவம்பரில் காசு எப்படித் தயாராகும்? கனடாவில் இப்படியான வழக்குகளில் வழமையான வரிசை இது: இணக்கம், நீதிமன்ற ஒப்புதல், அறிவித்தல், விண்ணப்பக் காலம், சரிபார்ப்பு, கடைசியில் காசு. யாராவது நடுப்படியைத் தாண்டி வந்து நின்றால் கதவைச் சாத்துங்கள்.

விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பாதிக் காசுக்கு நிரப்பித் தருகிறேன் என்று வருபவர் தேவையில்லை. பாண் படிவத்தில் சமூகக் காப்புறுதி இலக்கத்துக்கோ வங்கிக் கடவுச்சொல்லுக்கோ வேலை இல்லை. கேட்டால் அது வேறு ஏதோ படிவம். முகநூலில் யாரோ போட்ட லிங்கை அமத்தாமல், வழக்கை நடத்துகிற சட்ட நிறுவனத்தின் தளத்துக்குப் போய் அங்கிருந்து நிர்வாகியின் தளத்துக்குப் போங்கள். நான் அப்படித்தான் போனேன்.

ஈமெயில், அதுதான் ஆகப் பெரிய தலையிடி

17 பேரில் சொந்த ஈமெயில் பாவித்தவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்களுக்கு இருந்தது மகன் எப்போதோ திறந்து கொடுத்தது, கடவுச்சொல் மகனுக்கும் தெரியாது. காசு இன்டரக் ஈ-ட்ரான்ஸ்ஃபராக, அதாவது ஈமெயில் வழியாக அனுப்பும் வங்கிக் காசாக, வருவதென்றால் ஈமெயில்தான் உங்கள் கைப்பை. சாதாரணமாக 30 நாளுக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும். இந்த வழக்குகளில் விண்ணப்பித்ததற்கும் காசு வருவதற்கும் இடையில் மாதக்கணக்கு, சிலவேளை வருடக்கணக்கு. அதற்குள் மறந்துவிடுவோம், வந்த மடல் குப்பைப் பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகும். ஆகவே உண்மையில் திறந்து பார்க்கிற ஒரு ஈமெயிலைக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்றாக இருந்தால் நல்லது. வங்கியில் இருக்கும் பெயரும் படிவத்துப் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முன்னுக்கும் இன்னொரு இடத்தில் பின்னுக்கும் நிற்கும். ஈமெயிலே வேண்டாம் என்பவர்கள் நிர்வாகிக்குப் போன் எடுத்துத் தாள் படிவம், காசோலை உண்டா என்று கேட்கலாம்.

அனுப்பி முடிந்ததும் ஒரு உறுதிப்படுத்தல் இலக்கம் வரும். திரையை மூட முதல் அதை எழுதுங்கள். நான் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் பெயர், திகதி, கொடுத்த ஈமெயில், இலக்கம் என்று நான்கு கோடு கீறி எழுதினேன். வீடு மாறினால் நிர்வாகிக்குச் சொல்ல அந்த இலக்கம் வேணும்.

எவ்வளவு வரும்

எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான், நான் கடைசியில் வைத்திருக்கிறேன். விண்ணப்பக் காலத்தில் இதற்கு விடையே கிடையாது. காரணம் வகுத்தல் கணக்கு. உதாரணத்துக்கு, வழக்கறிஞர் கூலியும் நிர்வாகச் செலவும் போக 250 மில்லியன் மிஞ்சுகிறது என்று வையுங்கள். 50 லட்சம் பேர் கேட்டால் ஆளுக்கு 50 டொலர். ஒரு கோடி பேர் கேட்டால் 25. ஆட்கள் கூடக் கூடப் பங்கு குறையும். அதனால்தான் ஐந்தாம் மாடியில் ஒருவர் தான் போட்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை! விண்ணப்பிக்காமல் இருந்தால் வழக்கிலிருந்து விலகியதாக ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விலகுவதற்குத் தனியாக ஒரு தவணை வரும். அதற்குள் எழுதிக் கொடுக்காதவர்களை இணக்கத்தீர்வு கட்டுப்படுத்தும். காசு வாங்காமலே வழக்குப் போடும் உரிமை போய்விடும்.

அடுத்தது எங்கே வரும் என்று பார்க்க வேண்டுமானால் பழையதைப் பாருங்கள். கனடாவில் சொக்லேற் விலைக்காக ஒரு கூட்டு வழக்கு நடந்து காசும் கொடுபட்டது. ஹெர்ஷி கனடா 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 மில்லியன் தண்டம் கட்டியது. அமெரிக்காவில் ரின் சூரை மீன்: ஸ்டார்கிஸ்ற் நிறுவனத்துக்கு 100 மில்லியன் டொலர் தண்டம், பம்பிள் பீ நிறுவனத்தின் தலைவருக்கு 40 மாதச் சிறை, பிறகு வாங்கியவர்களுக்கு இணக்கத்தீர்வு. அங்கேயே மாட்டிறைச்சி வழக்கில் டைசன் 55 மில்லியனும் கார்கில் 32.5 மில்லியனும் நுகர்வோருக்குக் கொடுக்க இணங்கின. நியூ யோர்க் மச்சாள் போன் எடுத்து, அதற்குப் போடட்டோ என்று கேட்டாள். அவள் வீட்டுச் சட்டிக்குள் மாட்டிறைச்சி போனதே இல்லை. ரின் மீனுக்கு ஏன் போடவில்லை என்று திருப்பிக் கேட்டேன், சூரைக் கட்லெட் இல்லாமல் அவள் வீட்டில் ஒரு பிறந்தநாள் நடந்ததில்லை. 2024 டிசம்பரோடு அது முடிந்துபோச்சாம். அப்போது அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

எட்டாம் மாடி மாமி கடைசிச் சனிக்கிழமைதான் வந்தா, அதுவும் பிளேன்ரீக்கு என்று சொல்லிக்கொண்டு. உறுதிமொழியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஓம், நான் வாங்கினனான்தான்” என்று தானே சுட்டியை அமத்தினா. இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பதாகவும், லொத்தர் துண்டென்று நினைத்து மருமகள் எடுத்துவிடாமல் ‘பாண்’ என்று மேலே எழுதியிருப்பதாகவும் பிறகு லிஃப்டுக்குள் சொன்னா.